பதினேழாம் நம்பர் கதைப்பை

ஒரு காட்டில் பால்வாடி ஒன்று இருந்தது. சிங்கம் இருந்ததா என்று கேட்க வேண்டாம். இருந்தது. இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை.

வேலை கொளஞ்சிக்குத்தான். கொளஞ்சி ஒரு முள்ளம்பன்றி. ஆற்றோரம் ஒரு வளை, நாலு கிழங்குக் கொடி, செவ்வந்தி என்று ஒரே பெண். மனைவி மலைக்கு அந்தப் பக்கம் கிழங்குப் பண்ணையில் சூப்பர்வைசர். மாதத்தில் இரண்டு நாள் வரும். மற்ற நாளெல்லாம் பிள்ளைக்குத் தலை வாருவதும் கொளஞ்சிதான். முள்ளம்பன்றிக்குத் தலை வாருவது எப்படிப்பட்ட வேலை என்று வாரிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை நாரை டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். முன்னால் ஒரு துணிப்பை. அதிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்தார். பிறகு அந்தக் கதையில் வருகிற குடை, மூக்குக்கண்ணாடி, பஸ் எல்லாவற்றையும் விரல் அளவில் எடுத்து வரிசையாக வைத்தார்.

"இதுக்குப் பேரு கதைப்பை. கதையில எது வருதோ அது பையில இருக்கணும். பிள்ளைங்க தொட்டுப் பார்த்துக்கிட்டே கதை கேக்கும். கடையில வாங்கக் கூடாது. வீட்ல செய்யணும்."

காட்டுப் பிள்ளைகளின் கதைகளில் வருவதெல்லாம் மனிதர்கள். பேசுவார்கள், யோசிப்பார்கள், கடைசியில் திருந்துவார்கள். சின்னப் பிள்ளைகள்தானே, நம்பும்.

விதி ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பை கொடுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு, வாரம் ஒரு பை வீட்டுக்குக் கிடைக்கும். சுற்றில் வரும். பை கொடுக்காத வீட்டுப் பிள்ளைக்குச் சுற்றில் இடம் கிடையாது.

டீச்சரின் பையைச் செவ்வந்தி தலையில் கவிழ்த்துக்கொண்டு கழற்ற மாட்டேன் என்றது. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கேட்டது.

"அப்பா, எனக்குப் பை வருமா?"

"வரும்."

"நெசமா?"

"நட."

எந்த வீட்டுக்கு எந்தப் புத்தகம் என்று சீட்டுக் குலுக்கியிருந்தார்கள். கொளஞ்சிக்கு விழுந்தது 'மூட்டைக்குள் யார்?'. சந்தையில் ஒரு சாக்கு மூட்டை கிடக்கிறது. போகிறவர் வருகிறவர் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒருவர் பூசணி என்கிறார். ஒருவர் தலையணை என்கிறார். அவிழ்த்தால் உள்ளே ஒரு ஆள் குறட்டை விட்டுத் தூங்குகிறார். முடிந்தது கதை.

ஒரு சாக்கு, ஒரு ஆள் பொம்மை. கொளஞ்சிக்கு நிம்மதி. அடுத்த வளையில் இருக்கும் கரடி வீராசாமிக்குக் கல்யாணக் கதை விழுந்திருந்தது. மேளம், நாயனம், பந்தி, நூற்றிருபது பேர்.

சாமான் பட்டியலை அன்றைக்கே படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொளஞ்சி எழுதியது: சாக்கு, ஒன்று. ஆள், ஒன்று. கீழே கையெழுத்து.

செவ்வாய்க்கிழமை தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, துளை போட்டு, நார் கோத்து, சாக்கைத் தைத்தது. நல்ல தையல். தோளில் போட்டு ஒரு எட்டு வைத்தது. முதுகு முழுக்க முள்ளாயிற்றே. சாக்கு சல்லடையாகிவிட்டது. இன்னொன்று தைத்தது. அதுவும் போயிற்று. மூன்றாவதைத் தைத்துத் தோளில் போடாமல் ஓரமாக வைத்தது.

இதற்குள் போனில் பெற்றோர் குழுவில் ரஞ்சிதம் படம் போட்டுவிட்டது. ரஞ்சிதம் ஒரு பெண் மயில். கலங்கரை விளக்கம், கப்பல், ஏழு மீனவர், எல்லோருக்கும் தனித்தனியாக வேட்டி. கீழே எழுதியிருந்தது: 'சும்மா சிம்பிளா ஒண்ணு பண்ணேன்.'

கொளஞ்சி போனைக் கவிழ்த்து வைத்தது.

புதன்கிழமை வீராசாமி வந்தது.

"மாப்ளே, ஒரு முள்ளு குடேன். நாயனம் செய்யணும்."

கொளஞ்சி யோசித்தது. முள் இருப்பதால் சாக்கு கிழிகிறது. முள் குறைந்தால் கிழிசலும் குறையும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"புடுங்கிக்க," என்றது.

"வலிக்குதா?"

"வலிக்காம?"

"அப்ப இன்னொண்ணு எடுத்துக்கட்டா?"

"எடு."

வீராசாமி அதோடு நிற்கவில்லை. கொளஞ்சியிடம் முள் கிடைக்கும், நல்ல மனசு என்று குழுவில் போட்டுவிட்டது. மதியத்துக்குள் வளை வாசலில் வரிசை. தள்ளுமுள்ளு வந்ததும் முயல் ஒன்று பொறுப்பெடுத்து இலையில் டோக்கன் எழுதிக் கொடுத்தது. கொடிக்கம்பத்துக்கு ஒன்று, துடுப்புக்கு இரண்டு, குடைக்கம்பிக்கு எட்டு. ரஞ்சிதத்துக்குக் கலங்கரை விளக்கத்தை இன்னும் உயர்த்த வேண்டுமாம், நாற்பது. குரங்கு எதற்கென்று சொல்லாமலே ஒரு கட்டு எடுத்துப் போயிற்று.

வியாழக்கிழமை மதியம் கொளஞ்சி தடவிப் பார்த்தது. முதுகு வழவழவென்றிருந்தது. சாக்கைத் தோளில் போட்டு வளையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. ஒரு இழை பிரியவில்லை. சந்தோஷமாக உட்கார்ந்து பஞ்சை எடுத்தது, துணியை எடுத்தது, ஊசிக்கு முதுகில் கை வைத்தது.

அங்கே ஒன்றும் இல்லை.

தைத்த முள்ளையும் யாரோ கொண்டு போயிருந்தார்கள். கருவேல முள்ளை எடுத்துக் குத்திப் பார்த்தது. ஒடிந்தது. ரஞ்சிதத்திடம் போயிற்று.

"ஒரே ஒரு முள்ளு குடும்மா. ஆள் தைக்கணும்."

"அண்ணே, கலங்கரை விளக்கம் மொத்தமும் உங்க முள்ளுதான். ஒண்ணை உருவினா பொலபொலன்னு விழுந்துடும். தப்பா நெனச்சுக்காதீங்க."

வீராசாமியிடம் போயிற்று.

"ஒட்டிட்டேன் மாப்ளே. நாயனக்காரர் வாயோட ஒட்டிட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை செவ்வந்தி முகம் கழுவிப் பொட்டு வைத்து வாசலில் நின்றது.

"அப்பா, பை?"

"இருக்கு."

"உள்ள ஆள்?"

கொளஞ்சி பிள்ளையைப் பார்த்தது. சாக்கைப் பார்த்தது.

"இருக்கு. நீ முன்னால போ. வீராசாமி மாமா மூட்டையத் தூக்கிட்டு வருவாரு."

செவ்வந்தி மறைந்ததும் கொளஞ்சி சாக்குக்குள் இறங்கி, உள்ளேயிருந்து வாயைச் சுருக்கிக்கொண்டது.

பால்வாடியில் நாரை டீச்சர் கதையைப் படித்தார். பிள்ளைகள் வரிசையாக வந்து மூட்டையைத் தொட்டன.

"பூசணி."

"இட்லி மாவு."

"எங்க பெரியப்பா."

செவ்வந்தியின் முறை வந்தது. கை வைத்தது. குனிந்து மோந்து பார்த்தது. கொஞ்சம் நின்றது.

"கிழங்கு," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

டீச்சர் அவிழ்த்தார். உள்ளே ஆள் உண்மையிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. மூன்று நாள் அலுப்பு. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஓலைக் கூரை ஆடிற்று. எல்லாம் மேலே ஏறி விழுந்து புரண்டன. பிறந்ததிலிருந்து கொளஞ்சியை யாரும் கட்டிப் பிடித்ததில்லை. பிடிக்க முடியாது. இன்றைக்கு முப்பது பேர்.

வேறு கதையாக இருந்தால் இங்கே முடிந்திருக்கும். தகப்பன் பாசம் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அதற்குள் பைகளைச் சோதிக்க ஆபீசர் வந்துவிட்டார்.

ஆபீசர் கீரி. கையில் படிவம். ஒவ்வொரு பையாகக் கொட்டினார். எல்லாப் பையிலும் முள் நீட்டிக்கொண்டிருந்தது.

"கூர்முனை இருக்கக் கூடாது. மெழுகு வெச்சு மூடிட்டுக் கொண்டாங்க."

ரஞ்சிதம் நாற்பது முனைக்கும் மெழுகு தேடி ஓடிற்று. ஆபீசர் பதினேழாம் பைக்கு வந்தார். கொளஞ்சியை அமுக்கிப் பார்த்தார். காதைத் தூக்கிப் பார்த்தார்.

"கூர்முனை இல்லை. கழண்டு விழுற சின்ன பாகம் இல்லை. வாயில போட்டு முழுங்க முடியாது. தொவைக்கலாம். பிரமாதம். முதல் தரம்."

கொளஞ்சி எழுந்து உட்கார்ந்தது.

"ஐயா, நான் சாமான் இல்லைங்க. செவ்வந்தியோட அப்பா."

"படிவத்துல என்ன எழுதியிருக்கீங்க? ஆள், ஒன்று."

"பொம்மை செய்யலாம்னு இருந்தேங்க."

"பொம்மைன்னு எழுதலையே. கையெழுத்து உங்களுதுதானே?"

"எடுத்துடுங்கய்யா."

"எடுக்கலாம். எடுத்தா பை இல்லை. பை இல்லேன்னா உங்க பொண்ணுக்குச் சுத்துல இடம் இல்லை. எடுக்கட்டுமா?"

கொளஞ்சி திரும்பிப் பார்த்தது. செவ்வந்தி ஏற்கெனவே வீராசாமி மெழுகு வைத்து முடித்த கல்யாணப் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டது. உள்ளே மேளம் கடகடவென்று உருண்டது.

"இருக்கட்டும்," என்றது கொளஞ்சி.

ஆபீசர் அதன் முதுகில் பதினேழு என்று முத்திரை குத்தினார். வழவழப்பான முதுகு. நன்றாக விழுந்தது.

அன்றிலிருந்து கொளஞ்சி வெள்ளிக்கிழமை மாலை போனால் திங்கட்கிழமை காலை வரும். முதல் வாரம் முயல் வீடு. ஏழு குட்டிகள் அதன் மேலேயே தூங்கின. திங்களன்று டீச்சர் சரிபார்த்து எழுதினார்: ஆள், ஒன்று, சரி. இடது காது ஈரம். இரண்டாம் வாரம் குரங்கு வீட்டில் மூட்டையைக் கிளையில் கட்டி ஊஞ்சலாட்டினார்கள். மூன்றாம் வாரம் ரஞ்சிதம் வீடு. கை கழுவாமல் தொடக் கூடாது என்று உயரத்தில் வைத்துவிட்டது. அங்கே நல்ல தூக்கம்.

போன இடமெல்லாம் சாப்பாடு. கொளஞ்சி ஒரு சுற்றுப் பெருத்தது. பிள்ளையைத் தனியாக விட முடியாதென்று மனைவி வெள்ளிதோறும் வர ஆரம்பித்தது. அது வரும்போது கொளஞ்சி இருக்காது. வீட்டில் சண்டையே இல்லாமல் போயிற்று. செவ்வந்தி அம்மாவுக்கு வாரம் ஒரு கதை சொன்னது, சாமான்களை வைத்துக் காட்டிக் காட்டி.

ஒரே ஒரு கஷ்டம். முள் மறுபடி முளைத்தது. கூர்முனை வந்தால் பை செல்லாது. அதனால் வாரத்தில் ஒரு நாள் கொளஞ்சி ஆற்றங்கரைப் பாறையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர்களிடம் அரிப்பு என்று சொல்லும்.

ஆறு மாதம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் பட்டியலைப் பார்த்துச் சொன்னார். "செவ்வந்தி, இந்த வாரம் உனக்குப் பதினேழு. உங்கப்பாதான். கூட்டிட்டுப் போ."

சாக்குக்குள் கொளஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டது. செவ்வந்தி சாக்கின் வாயைப் பிரித்து எட்டிப் பார்த்தது.

"அப்பா, நல்லாருக்கியா?"

"இருக்கேன்."

"சாப்ட்டியா?"

"ஆச்சு."

"சரி," என்றது செவ்வந்தி. டீச்சர் பக்கம் திரும்பிற்று. "டீச்சர், இதை மாத்திக்கலாமா? ஆபீசர் பையன்கிட்ட ரயில் பை இருக்கு. பதினோரு பெட்டி. எல்லாம் உருளுது."

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா மாத்திக்கலாம்," என்றார் டீச்சர்.

கீரிக்குட்டி ஒத்துக்கொண்டது. உருட்டி உருட்டி அதற்கு அலுத்துவிட்டதாம்.

செவ்வந்தி ரயிலை இழுத்துக்கொண்டு கிளம்பிற்று. பதினோரு பெட்டியும் வளைந்து வளைந்து பின்னால் போயின. சாக்கின் ஓட்டை வழியாகக் கொளஞ்சி பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி மறையும் வரை பார்த்தது. நல்ல ரயில். யாராக இருந்தாலும் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

"உங்க வீட்ல என்னடா சாப்பாடு?" என்று கீரிக்குட்டியைக் கேட்டது.

"முட்டை."

"எனக்குக் கிழங்கு வேக வைக்கச் சொல்லு," என்றது கொளஞ்சி. மறுபடி படுத்துக்கொண்டது.

நீதி: பிள்ளைக்காகத் தகப்பன் தன்னையே கொடுக்கலாம். சக்கரம் வைத்துக் கொடுத்தால்தான் எடுபடும்.