நிலையான லினக்ஸ் தேடி ஒரு சபதம்

இனிமேல் மடிக்கணினியை இயக்கும் லினக்ஸை மாற்றுவதில்லை என்று ஹுவான் ஆற்றின் மேல் சத்தியம் செய்தேன். ஆறு ஒன்றும் சொல்லவில்லை. டாஸ்மேனியாவில் ஆறுகள் இப்படித்தான். மூடுபனியைப் போர்த்திக்கொண்டு, கேட்டும் கேளாத மாதிரி கிடக்கும். என் மனைவி தெர்சாதான் வாயைத் திறந்தாள்.

"போன மாசமும் இதே ஆறுதான், இதே சத்தியந்தான்."

நான் என்ன செய்வேன்? லினக்ஸில் நூறு வகை இருக்கிறது, பெரும்பாலும் இலவசம். ஒன்றை நிறுவும்போது திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல மெல்ல நகரும். கையில் தேநீர் ஆறிப்போக, அதையே பார்த்துக்கொண்டிருப்பதில் அப்படி ஒரு சுகம். இதோடு வாழ்க்கை செட்டில் என்று தோன்றும். அடுத்த வாரம் இன்னொன்று கண்ணடிக்கும்.

தெர்சா எங்கள் படகுச் சங்கத்தின் செயலாளர். போட்டியில் யார் எப்போது புறப்பட வேண்டும், யார் ஜெயித்தார்கள், எல்லாக் கணக்கும் வீட்டு மடிக்கணினியில்தான். போன வருடம் போட்டியன்று காலையில் நான் லினக்ஸை மாற்றினேன். பிரிண்டர் அதை யாரென்றே தெரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாவம் தெர்சா, முடிவுகளை பீட்சா டப்பாவின் முதுகில் எழுதி வாசித்தாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் பதவி கிளெனிஸுக்கு என்று சங்கம் சொல்லிவிட்டது. கிளெனிஸ் பக்கத்து வீட்டுக்காரி. பதவி அவள் கைக்குப் போனால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

ஆகவே ஒரு பேரம். நான் நிலையான லினக்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுவிவிட்டு, இந்த வருடப் போட்டி முடியும்வரை கை வைக்கக் கூடாது. ஒழுங்காக இருந்தால் எனக்குப் புது மடிக்கணினி. இல்லாவிட்டால் எங்கள் படகின் அடிப்பாகம் முழுவதையும் நானே சுரண்டி, பெயின்ட் அடிக்க வேண்டும்.

அந்தப் புது மடிக்கணினி என் கனவிலேயே வரும். வைஃபை தகராறு செய்யாது. மூடினால் தூங்கும், திறந்தால் விழிக்கும். எங்கள் வீட்டில் இருப்பது மூடினால் விழித்திருக்கும், திறந்தால் தூங்கும். உன்னை மாதிரியே என்பாள் தெர்சா.

போட்டியன்று காலை. ஜன்னலுக்கு வெளியே ஆறும் வானமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு: புதிய மேம்பாடு தயார். நிலையானதை இன்னும் கொஞ்சம் நிலையாக்கினால் என்ன தப்பு? அழுத்தினேன். நீலக்கோடு நகர்ந்தது. நான் சொக்கிப்போனேன். கண் விழித்தபோது திரை கன்னங்கரேல் என்று இருந்தது. என்ன தட்டியும் அசையவில்லை.

தெர்சா எடுத்து வைத்திருந்த பையில் மூச்சுக் காட்டாமல் அதைத் திணித்து, அவளிடம் நீட்டினேன்.

"கை வச்சியா, டெஸ்மண்ட்?"

"சத்தியமா இல்ல."

"ஆத்து மேலயா?"

"ஆத்து மேல."

மத்தியானம் முழுவதும் படகுத்துறையிலேயே நின்றேன். பனி விலகி, வெள்ளைப் பாய்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. சங்க அறையை எட்டிப் பார்த்தால் திரை பளிச்சென்று எரிகிறது, பிரிண்டர் கடகடவென்று முடிவுகளைத் துப்புகிறது. தானாகவே உயிர்த்தெழுந்திருக்கிறது! நான் மிதந்துகொண்டே உள்ளே போனேன்.

"பாத்தியா, நான் தேர்ந்தெடுத்தது எவ்வளவு நிலையானதுன்னு? புதுசு எப்ப வாங்கலாம்?"

தெர்சா மேசைக்கு அடியிலிருந்த பையைத் திறந்து காட்டினாள். என் மடிக்கணினி கன்னங்கரேலென்று அதற்குள்ளேயே கிடந்தது. மேசை மேல் எரிந்தது அச்சு அசலாக இன்னொன்று. பீட்சா டப்பா விவகாரத்துக்கு மறுநாளே ஹோபார்ட் நகரத்துப் பழைய சாமான் கடையில் வாங்கி, கணக்கையெல்லாம் அதிலும் ஏற்றி, மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாளாம்.

"இதுல எந்த லினக்ஸ் போட்டிருக்க?"

"டெபியன். நீ மொதல்ல போட்டது. போரடிக்குதுன்னு தூக்கிப் போட்டியே, அது."

"அப்ப தேர்ந்தெடுத்தது நான்தானே? பேரத்துல ஜெயிச்சதும் நான்தான்."

"தேர்ந்தெடுத்தது நீதான் ராசா. மறுபடி தேர்ந்தெடுக்க விடாதது நான்."

பையின் அடியில் ஏதோ கையில் குத்தியது. எடுத்துப் பார்த்தேன். படகு சுரண்டும் கத்தியைக் காலையிலேயே உள்ளே வைத்துவிட்டுத்தான் 'கை வச்சியா' என்று கேட்டிருக்கிறாள்.