பன்னிரண்டு அங்குலச் சதுரம்

சரோஜ் தைத்துக் கொடுத்த சதுரம் பத்து அங்குலம்தான் இருந்தது. வயலட் டேப்பைத் திருப்பிப் பிடித்து மறுபடி அளந்தாள். பத்தேதான். ஷர்லீனுடையது பதிமூன்று. பாப்பம்மாவுடையது ஒரு பக்கம் பதினொன்று, மறுபக்கம் பன்னிரண்டரை. அதைச் சதுரம் என்று சொல்வதே பொய். மற்றவர்களுடையதும் ஆளுக்கொரு அளவு.

"பன்னெண்டு, பன்னெண்டுன்னு தொண்ட கிழியச் சொன்னேனே!" என்று வயலட் கத்தினாள், எல்லாவற்றையும் புருஷன் ஹ்யூபர்ட்தான் தைத்ததுபோல.

ஃபிஜித் தீவுகளில், லம்பாசா ஊரின் நசியா மெதடிஸ்ட் சபைப் பெண்களுக்குத் தையல் சொல்லித் தருபவள் அவள். பட்டாளம் இரண்டாவது தடவையும் ஆட்சியைப் பிடித்தபிறகு ஊரில் ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. போகிறவர்களுக்குப் பெண்கள் ஆளுக்கொரு சதுரம் தைப்பார்கள். வயலட் அவற்றை இணைத்து ஒட்டுப்போர்வையாக்கிக் கொடுப்பாள். இப்போது மோகினியின் முறை. திங்கட்கிழமை வழியனுப்பு விழா. அப்புறம் அவள் பிரிஸ்பேன்காரி.

வயலட்டுக்கு இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. ஒவ்வொரு குடும்பம் கிளம்பும்போதும், "நாலு துப்பாக்கியப் பாத்ததும் ஓடுறாங்க பாரு! என்னை வெட்டிப் போட்டாலும் நான் இந்த மண்ண விட்டுப் போவேனா?" என்று சபை வாசலில் நின்று முழங்கியவள் அவள். இப்போது அவள் கட்டிலுக்கு அடியிலேயே இரண்டு பெட்டிகள் தயாராக இருந்தன. மகன் மார்க் முயற்சியில் கனடா விசா வந்துவிட்டது. 'கண் வைத்தியத்துக்கு சுவா போகிறோம்' என்று சொல்லித் தலைநகருக்குப் போய், அப்படியே விமானம் ஏறிவிடுவதுதான் திட்டம். போனபிறகு ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். 'ஓடிப்போனவளோட தையலும் கோணல்' என்று மட்டும் ஒருத்தியும் சொல்லிவிடக் கூடாது.

முதலில் கத்தரிக்கோலை எடுத்தாள். எல்லாவற்றையும் பத்து அங்குலத்துக்குக் குறைத்துவிட்டால் தீர்ந்தது. ஷர்லீனின் நட்சத்திரத்துக்கு முனைகள் போயின. பாப்பம்மா பார்த்துப் பார்த்துத் தைத்திருந்த சேவலுக்குத் தலையே போய்விட்டது.

"என்ன வயலட், கோழிக்கறியா இன்னிக்கு?" என்றான் ஹ்யூபர்ட்.

வெட்டுவது சரிப்படாது. சின்னதைப் பெரிதாக்குவதுதான் வழி. ஓரத்தில் பட்டை கொடுக்கத் துணி வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக் கூடாதென்று புதிய அரசு சட்டம் போட்டிருந்ததால் ஒரு கடையும் திறக்கவில்லை. வயலட் கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

"ஏய், அது கனடாக் குளிருக்குத் தச்ச கால்சட்டை!"

"ரெண்டு இருக்கில்ல? உங்களுக்கு இருக்கறது ஒரு ஜோடி காலுதானே?"

மிஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் வீட்டெதிரே ரோந்து ஜீப் வந்து நின்றது.

"ஏங்க, பாடுங்க!"

"என்னத்த?"

"கீர்த்தனை! மிஷின் சத்தம் வெளிய கேக்கக் கூடாது. பாடுங்க!"

ஹ்யூபர்ட் கண்ணை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் எடுத்தான். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வயலட் மிதியிலிருந்து காலை எடுத்தாள். பாதி தைத்த போர்வையைக் கழுத்துவரை இழுத்து மிஷினோடு சேர்த்துத் தன்னையும் மூடிக்கொண்டாள்.

உள்ளே வந்த சிப்பாய் தொப்பியைக் கழற்றி, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவனும் மெதடிஸ்ட். மெட்டு தெரிந்த மெட்டு. ஹ்யூபர்ட் தமிழில் பாட, அவன் ஃபிஜி மொழியில் கீழ்ச்சுரம் பிடித்தான். வீடே அதிர்ந்தது.

"நல்லா இருக்கு. இன்னொண்ணு," என்றான் இந்தியில்.

இன்னொன்று பாடினார்கள். அதற்கப்புறம் இன்னொன்று. ஹ்யூபர்ட்டுக்கு ஆபத்து மறந்து உற்சாகம் வந்துவிட்டது. வயலட்டுக்கு வியர்வை ஆறாக ஓடியது.

"அம்மா ஏன் இந்த வெயில்ல போர்த்தியிருக்காங்க?"

"குளிர் ஜுரம்," என்று வயலட் பல்லைத் தந்தியடித்துக் காட்டினாள்.

சிப்பாய் எழுந்து அவள் தலைமேல் கை வைத்து, சுகமாக வேண்டுமென்று ஜெபித்தான். நீண்ட ஜெபம். முடித்துவிட்டு, "வினாகா," என்று நன்றி சொல்லிப் புறப்பட்டபோது பொழுது சாய்ந்திருந்தது.

பதற்றத்தில் அளக்காமல் தைத்தாள் வயலட். பட்டை கொடுத்த பத்துகள் பதினான்காகிவிட்டன. அவற்றோடு சேர மற்றவற்றுக்கும் பட்டை வேண்டியிருந்தது. இரண்டாவது கால்சட்டையும் போயிற்று.

திங்கட்கிழமை, சபை மண்டபத்தில் போர்வையை விரிக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

மோகினி பார்த்தாள். "அக்கா, இதுல நான், எங்க வீட்டுக்காரரு, பிள்ளைங்க, மாமியாரு, எல்லாருமே படுக்கலாம்," என்றாள்.

நட்டநடுவில் தலையில்லாத சேவல் நின்றது. ஷர்லீன் வாயைப் பொத்தினாள். சரோஜின் தோள் குலுங்கியது. வயலட்டுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சிரிங்கடி! இத்தன வருஷமா அளவு சொல்லிக் குடுத்தேனே, ஒருத்திக்காவது பன்னெண்டு அங்குலம் தைக்க வந்துச்சா? இதான் நான் கத்துக் குடுத்த லட்சணமா?"

சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மாரியம்மன் கோயில்காரியானாலும் தையலுக்காகப் புலிலேகாவிலிருந்து பஸ் பிடித்து வருகிற பாப்பம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"பாப்பம்மாக்கா, வேணாம்!" என்று ஷர்லீன் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

பாப்பம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். "அழுவாத வயலட்டு. ஆளுக்கு ரெண்டு ரெண்டு தச்சோம். அளவு சரியா வந்ததையெல்லாம் உன்னோட கனடாப் போர்வைக்கு எடுத்து வச்சிட்டோம்."