மீசை இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு கேட்டு

செத்தும் நடமாடுகிறவர்களுக்கான காவல் நிலையத்தின் பெரிய ஐயா அவர்களுக்கு, மாடி வீட்டுத் தையல்காரி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். தங்கள் உடம்பு சௌக்கியமா என்று கேட்டால் கோபம் வருமோ என்னவோ தெரியவில்லை, அதனால் இருக்கிறபடியே நன்றாக இருங்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்களிடம் வேலை பார்க்கும் மீசை இன்ஸ்பெக்டருக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். உயிரோடு இருந்தபோது அவர் எங்கள் தெருமுனை ஸ்டேஷனில் இருந்தவர். ஹெல்மெட் இல்லாமல் வந்த ஒருத்தனை நிறுத்தி லைசென்ஸ் கேட்டிருக்கிறார், வந்தவன் ரத்தக்காட்டேரி, சட்டைப் பையில் கை விடாமல் இவர் கழுத்தில் வாய் வைத்துவிட்டான். அந்த நிலைமையிலும் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டுதான் விழுந்தாராம். இப்போது அவரும் ரத்தக்காட்டேரிதான், ஆனால் சட்டத்தைக் காக்கிற ரத்தக்காட்டேரி. பல்லை மீசை மறைத்துவிடுவதால் பார்க்கவும் பயமில்லை.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். போன மாசம் நெஞ்சு வலிக்கிறது என்றார், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார். அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஒரு சட்டைக்குக் கை முனையை மூடியே தைத்துக் கொடுத்துவிட்டேன், "இதுல நான் எப்படிம்மா கையை வெளிய எடுக்கறது?" என்று வந்து நின்றார் துணி கொடுத்தவர். அப்படி இருக்கையில் ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே என் வீட்டுக்காரர் குரல். "நான்தாம்மா. சாப்டியா?" எட்டிப் பார்த்தால் அதே முகம், அதே காக்கிச் சட்டை. மாடி ஜன்னலுக்கு வெளியே காக்கா நிற்கக்கூட இடம் கிடையாது, அது எனக்கு உறைக்கவே இல்லை ஐயா. மறுநாளும் வந்தார். "முதுகு வலிக்குதா? மெஷினை விட்டு எழுந்திரும்மா. உன் கைச் சமையலுக்கு ஏங்கிப் போய்ட்டேன். உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உள்ள..." என்று வாயைத் திறந்துவிட்டேன், அதற்குள் விசில் சத்தம். மீசை இன்ஸ்பெக்டர் சுவரோரமாகவே ஏறி வந்து நிற்கிறார்.

"கூப்பிடாதீங்கம்மா! நீங்களா கூப்பிட்டுட்டா எங்க சட்டப்படி நான் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க உடம்புல சொட்டு ரத்தம் மிஞ்சாது."

"யோவ், அவர் என் புருஷன்யா! புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நீ யாரு?"

அப்படித்தான் மரியாதையில்லாமல் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "சரிம்மா. உயிரோட இருந்தப்ப எப்பவாவது சாப்டியான்னு கேட்டிருக்காரா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லைங்க."

"சமையலைப் பத்தி?"

"உப்பு கம்மின்னு சொல்லுவார்."

"முதுகு வலியைப் பத்தி?"

"எனக்கு முதுகு இருக்கறதே அவருக்குத் தெரியாதுங்க."

"செத்தப்புறம் திருந்திட்டேன்மா!" என்று அந்தப் பயல் குறுக்கே பாய்ந்தான். அவ்வளவுதான், இன்ஸ்பெக்டர் பிடரியில் ஒன்று வைத்தார், வீட்டுக்காரர் முகம் கழன்று, உள்ளே சோகை பிடித்தாற்போல் ஒரு வெளிறிய முகம். "ஆள்மாறாட்டம்! அதுவும் துக்க வீட்டுல! நடடா!"

பதற்றத்தில் என் விரலில் ஊசி ஏறி ரத்தம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மீசையைக் கையால் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். "துணி சுத்துங்கம்மா, சீக்கிரம்," என்றார். அந்த நேர்மைக்கே அவருக்கு உயர்வு கொடுக்கலாம் ஐயா. போகும்போது சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் எங்க பக்கம் வரவே இல்லைம்மா. நிம்மதியா இருக்கார். கதவைச் சாத்திட்டு நல்லா அழுங்க." அன்றைக்குத்தான் முழுசாக அழுதேன். என் வீட்டுக்காரர் பேசமாட்டாரே தவிர, கடைசி டிரிப் முடிந்து எங்கள் தெருவைத் தாண்டும்போது ஒரு ஹாரன் அடிப்பார், நான் அடுப்பைப் பற்றவைப்பேன். அந்த மனுஷன் நினைப்பை வேறொருத்தன் திருடிக்கொண்டு போகாமல் மீட்டுத் தந்தவர் உங்கள் இன்ஸ்பெக்டர். உயிர் தப்பியது அப்புறம்தான்.

தங்கள் பக்கம் இருட்டு குறையாமலும், வெயில் எட்டிப் பார்க்காமலும், எல்லாரும் பல்லும் பலமுமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாடி வீட்டுத் தையல்காரி

பி.கு.: அந்தப் பயலை எப்போது வெளியே விடுவீர்கள்? விட்டதும் இந்தப் பக்கம் கொஞ்சம் அனுப்பி வையுங்கள். உள்ளே கூப்பிட மாட்டேன், சத்தியம். ஜன்னலுக்கு வெளியேயே நிற்கட்டும். இன்ஸ்பெக்டருக்குத் தெரிய வேண்டாம், வருத்தப்படுவார். வீட்டுக்காரர் முகத்தை மாட்டிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லுங்கள், அவன் சொந்த மூஞ்சியோடே வரட்டும், பேச்சு மட்டும் அதே பேச்சாக இருந்தால் போதும்.