ஒரு பாட்டில் லேகரும் என் முப்பத்து நான்கு வருட நாக்கும்

மாத இதழின் ஆசிரியரும், என் மனைவிக்கு ஒரே தம்பியும், அந்த ஒரு காரணத்தால் எனக்கு மச்சானுமாகிய உனக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் சௌக்கியம். அங்கு நீ சௌக்கியமா என்று கேட்பது மரியாதை, ஆகவே கேட்டுவிட்டேன். பதில் போட வேண்டாம்.

நேற்று நீ போனில் பேசியது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. "அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க, உங்களோட சேர்ந்து உங்க நாக்கும் ரிட்டயர் ஆயிடுச்சு போல" என்றாய். சிரித்துக்கொண்டு வேறு சொன்னாய். யாருடைய நாக்கைச் சொல்கிறாய் என்று தெரிந்துதான் பேசினாயா? தேயிலைக் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் தினம் முந்நூறு கோப்பை ருசி பார்த்த நாக்கு இது. ஒருமுறை என் கண்ணைக் கட்டிவிட்டு நாற்பது கோப்பையை வரிசையாக நீட்டினார்கள். பதினேழாவது கோப்பைத் தேயிலை மழையில் நனைந்த மூட்டையிலிருந்து வந்தது என்று சொன்னேன். குடோன்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து திறந்த வாயை மூடவில்லை. இந்த நாக்குக்காக நான் பச்சை வெங்காயம் தொட்டதில்லை, மிளகாய் தொட்டதில்லை, குடியும் புகையும் கிடக்கட்டும், வாசனை சோப்புகூடப் போட்டுக் குளித்ததில்லை. ஊரில் எனக்கென்று இருப்பது இந்தப் பேர் ஒன்றுதான். அதிலும் மண்ணை அள்ளிப் போடப் பார்க்கிறாயே, நீயெல்லாம் ஒரு மச்சானா?

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், காது கொடுத்துக் கேள். அந்தப் பாட்டிலை நானா கேட்டேன்? "தென் அமெரிக்காவுலேருந்து புதுசா இறக்குமதி ஆகுற லேகர் பீர் அத்தான், உங்களை மாதிரி ருசி தெரிஞ்சவர் எழுதினா எங்க பத்திரிகைக்கே கௌரவம்" என்று தேன் ஒழுகப் பேசியது நீ. அனுப்பியதோ ஒரே ஒரு பாட்டில். கரும்பச்சைக் கண்ணாடி, அதில் பனிமலைப் படம், மலைக்கு முன்னால் ஒட்டகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு விலங்கு. சரி, வேலை என்று வந்துவிட்டால் எனக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். காலை எட்டு மணிக்கே மூடியைத் திறந்து சமையலறை ஜன்னலோரம் வைத்தேன். ருசி பார்க்கும் பொருளைச் சற்று மூச்சுவிட விட வேண்டும், நாக்கும் பதினோரு மணிக்குத்தான் சுத்தமாகும். மீசை வாசனையை மறைக்கும் என்பதால் நேரே சலூனுக்குப் போய் இருபது வருட மீசையை மழித்துவிட்டு வந்தேன். உன் பத்திரிகைக்காக இதுவரை யாராவது மீசையைக் கொடுத்திருக்கிறார்களா, சொல்!

திரும்பி வந்தால் வீட்டில் வேலை செய்கிற சூழ்நிலையே இல்லை. உன் அக்காவும் பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மாவும் சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "என்னடி சிரிப்பு?" என்றேன். "உங்க மீசை" என்றாள். நான் கதவைத் திறப்பதற்கு முன்பே சிரிப்புச் சத்தம் தெரு வரை கேட்டதே, அதற்கு என்ன சொல்வது? அந்தத் தையல்கார அம்மா என் சட்டைக்குப் பட்டன் தைக்க வந்தவர். பட்டனை விட்டுவிட்டுப் பாக்கெட்டின் வாயைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த லட்சணத்தில்தான் நான் ஒரு சர்வதேசப் பானத்தை ருசி பார்க்க வேண்டியிருந்தது.

ஆனாலும் பார்த்தேன். வெள்ளைக் கோப்பையில் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்து, சத்தமாக உறிஞ்சி, வாயில் நாலு சுற்றுச் சுற்றி, வாளியில் துப்பினேன். "பீரைப் போய் யாராவது துப்புவாங்களா அத்தான்?" என்று கேட்டாயே, விழுங்குகிறவன் குடிகாரன், துப்புகிறவன் நிபுணன், இது தெரியாத நீ எதற்குப் பத்திரிகை நடத்துகிறாய்? இதற்கு முன் நான் பீர் குடித்ததில்லை என்பதையும் குத்திக் காட்டினாய். குடித்தால்தான் தெரியுமா? அதுவும் தானியம்தானே, நாக்குக்குத் தெரியாததா! முதல் வாயிலேயே பார்லி வாசனையைப் பிடித்துவிட்டேன், இரண்டாவது வாயில் அந்தப் பனிமலைத் தண்ணீரையும் பிடித்தேன். பிடித்ததால்தான் குறையும் சொன்னேன். லேபிளில் பொன்னிறம் என்று போட்டிருக்கிறான், கோப்பையில் விழுந்ததோ துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் நிறம். நுரை என்ற பேச்சே இல்லை, மருந்துக்குக்கூட ஒரு குமிழி கிடையாது. திடம் இல்லை, துவர்ப்பு மட்டும் நாக்கை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இதைத் தயாரித்தவனுக்கு அடுப்புப் பக்கமே வேலை இருக்கக் கூடாது, பத்துக்கு ஒன்று கொடுக்கலாம், அதுவும் பாட்டிலுக்காக என்று எழுதினேன். ஓய்வு பெற்ற நாள் முதல், உன் அக்கா போடும் டீ சரிப்படாமல், பாலும் சர்க்கரையும் இல்லாமல் நானே என் கையால் போட்டுக் குடிக்கிறேனே, அந்த டீக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றும் எழுதினேன். ஒரு வார்த்தை மிகையில்லை.

இதைப் படித்துவிட்டு இறக்குமதிக்காரர், "இவர் குடிச்சது எங்க சரக்கே இல்லை" என்று குதிக்கிறாராம். நீயும் அவருக்குத் தாளம் போடுகிறாய். என் முன்னால் பாட்டில் இருக்கிறது, அந்த விலங்கும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது, வேறு சரக்கு வானத்திலிருந்தா வந்து விழும்? முடிவாகச் சொல்கிறேன். என் விமர்சனத்தை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், கீழே 'முப்பத்து நான்கு ஆண்டு அனுபவம் உள்ள நாக்கு' என்று போட்டு வெளியிட வேண்டும். இல்லையென்றால் உன் மகள் கல்யாணத்துக்கு வருவேன், பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டேன். நாலு பேர் காரணம் கேட்பார்கள், நானும் சொல்வேன்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். உனக்கு எதுவும் மிச்சமில்லை.

இப்படிக்கு,
மீசையில்லாத உன் அத்தான்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் உன் அக்கா இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "இதைத் தபால்ல போட்டுடாதீங்க. அந்த பீரை நானும் தையல் அக்காவும் குடிச்சுட்டோம்" என்றாள். "அப்போ நான் குடிச்சது?" என்றேன். "நீங்க காலையில போட்டு வெச்சு ஆறிப்போன டீ. நீங்க வர்ற சத்தம் கேட்டுப் பதறிப்போய்ப் பாட்டில்ல ஊத்திட்டோம். ஒரு வாய்ல கண்டுபிடிச்சுடுவீங்க, எல்லாரும் சிரிச்சுக்கலாம்னு இருந்தேன். நீங்க பார்லின்னு எழுத ஆரம்பிச்சுட்டீங்க. அப்புறம் எந்த வாயால சொல்றது?"

"உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அவளைக் கேட்டேன். "முப்பத்து நாலு வருஷம் உங்க நாக்குக்காக நானும் காரமில்லாம, வெங்காயமில்லாமதானே சாப்பிட்டேன். அதுக்கு லீவு விட்டாச்சு, எனக்கு யாரும் விடலையே. ஜன்னலோரம் திறந்து கிடந்துச்சு, குடிச்சேன்" என்றாள். எப்படி இருந்தது என்றேன். "தொண்டையில குறுகுறுன்னு இறங்குச்சு. லேசாக் கசந்துச்சு. அப்புறம் காரணமே இல்லாம சிரிப்பு வந்துச்சு. நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

ஆகவே என் விமர்சனத்தைக் கிழித்துப் போடு. அவள் சொன்னதை அப்படியே அச்சிட்டுக் கீழே அவள் பேரைப் போடு. இன்னும் இரண்டு பாட்டில் அனுப்பு. மூடியை அவளே திறக்கட்டும்.