கோரையாற்றின் அட்ஜஸ்ட் சட்டம்

அன்றைய சபைக்கு வந்திருந்தவர்கள்: கோரையாற்று மன்னர் பரிமளவர்மர், தலைமை அமைச்சர் திருவலஞ்சுழியார், சட்டத்துறைச் செயலர் ஞானவடிவு, அரண்மனைக் கொத்தனார் இருளப்பன். கோட்டைச் சுவர் தன் இட்லிக் கடைமேல் சாய்கிறது என்று மனு கொண்டுவந்த செங்கமலம் ஓரமாக நின்றாள். மக்கள் பிரதிநிதிகளின் நாற்காலிகளும் வந்திருந்தன.

மன்னர் முந்தின நாள், படம் எடுத்துக்கொள்வதற்காக, டவுன் பஸ்ஸில் ஐந்து நிமிடம் போயிருந்தார். அங்கே கண்டதை அவரால் இன்னும் நம்ப முடியவில்லை.

“மூன்று பேர் உட்காரும் சீட். நாலாவதாக ஒரு தடியன் வந்தான். ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்றான். மூவரும் நகர்ந்தார்கள். தடியடி இல்லை, துப்பாக்கி இல்லை. நாம் எதற்கய்யா இத்தனை வருஷம் படைக்குச் சோறு போட்டோம்?”

“ஆங்கிலச் சொல், பிரபு. ஆராயச் சொல்கிறேன்,” என்றார் அமைச்சர்.

ஞானவடிவு ஒரு மாதம் ஆராய்ந்தார். அந்தச் சொல்லைச் சொன்னவர் உட்காருகிறார், காதில் வாங்கியவர் நகர்கிறார், பொருள் அவ்வளவுதான். பஸ்ஸில் இடம் பிடிக்க, பந்தியில் நுழைய, சாம்பார் நீர்த்துப்போனதற்கு விளக்கம் சொல்ல, ஒழுகும் கூரைக்கு வீட்டுக்காரர் பதில் சொல்ல என்று பயன்கள்தான் ஏராளம். ஆபத்து ஒன்று உண்டு. மக்கள் இதைத் தங்களுக்குள்ளேயே சொல்லித் தீர்த்துவிட்டால் அரசுக்கு மிச்சமிருக்காது.

ஆகவே சட்டம் வந்தது. கோட்டைச் சுவருக்கு உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவரிடம் மட்டுமே அச்சொல்லைச் சொல்லலாம். சொல்லப்பட்டவர் நகர்ந்தே தீரவேண்டும். மீறினால் சிறை.

பஸ்களில் கைக்குழந்தைக்காரிகள் நின்றுகொண்டே போனார்கள். இடம் இருந்தது, கேட்கும் சொல் அரசிடம் இருந்தது. அரசோ அதைத் தாராளமாகச் செலவழித்தது. தண்ணீர் வாரம் ஒருமுறை: அட்ஜஸ்ட். பள்ளிக்கூடத்தில் பாதி குதிரை லாயம்: அட்ஜஸ்ட். மன்னர் பூப்பந்து ஆடும் இடம் குறுகலாக இருந்ததால் கோட்டைச் சுவரும் தெருவை நோக்கி நகர்ந்தது. இருந்த ஒரே வாசலும் ஆட்டத்துக்கு இடைஞ்சல் என்று அடைக்கப்பட்டது; அரண்மனைக்காரர்கள் ஏணி வைத்து ஏறி இறங்கினார்கள்.

செங்கமலத்தின் கடை பன்னிரண்டடி நீளம். அதை வைத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணே, சாய்ஞ்ச சுவர நிமித்தச் சொன்னா நடக்க விட்டுட்டீங்க?” என்று இருளப்பனைக் கேட்டாள்.

“என்னைத் திட்டாத தாயி. அவங்க சொல்றாங்க, நான் கல்லு வைக்கிறேன். நீ கொஞ்சம்…”

“அந்தச் சொல்லச் சொல்லிராதீங்க. நீங்களும் வெளியதான் நிக்கிறீங்க. பிடிச்சு உள்ள போட்டுருவாங்க.”

பன்னிரண்டடி எட்டானது, எட்டு நாலானது. இட்லிப் பானையும் அவளும் மிஞ்சினார்கள்.

அப்போது தேர்தல் வந்தது. வாக்குக் கேட்கப் போகும் மன்னர் ஏணியில் இறங்கினால் படம் நன்றாக வராது என்று அமைச்சர் கவலைப்பட்டார். புது வாசல் கட்டவும் நாளில்லை.

“தெருவைப் பாத்து ஏற்கெனவே ஒரு கதவு இருக்குங்க,” என்றார் இருளப்பன்.

இரண்டே நாளில் சுவர் கடையை முழுதாக விழுங்கியது. கடைக் கதவு கோட்டை வாசலானது, ஏணி உள்ளே போனது. செங்கமலத்தை வெளியேற்றவேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை. இட்லி வேறு நன்றாக இருந்தது.

வாக்குக் கேட்கும் நாளில் மன்னர், அமைச்சர், படை என்று எல்லோரும் இட்லிப் பானையைச் சுற்றிக் குனிந்து வெளியே போனார்கள். கடைசியாக ஞானவடிவு வந்தார்.

“ஐயா, ஒரு சந்தேகம். சட்டப்படி நான் இப்ப எந்தப் பக்கம்?” என்று கேட்டாள் செங்கமலம்.

சட்டம் பற்றி ஒருவர் கேட்டதில் அவருக்கு மகிழ்ச்சி. “உள்பக்கம், அம்மா. ஐயமே இல்லை.”

“அப்ப அந்தச் சொல்லு எனக்கும் ஆகும்ல?”

“தாராளமாக. வெளியே இருப்பவரிடம் மட்டும்,” என்றபடி அவர் வாசற்படியைத் தாண்டினார்.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க,” என்றாள் செங்கமலம்.

சட்டத்தை எழுதியவர் அவர்தான். ஓரடி நகர்ந்து நின்றார். அவருக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு, இத்தனை நாளும் இட்லிக் கடையைக் காத்த பழைய பூட்டு உள்ளிருந்து பூட்டப்பட்டது.