வாளியால் அளந்த மழை

அளக்காமல் தப்புச் செய்பவனைவிட, அளந்து பார்த்துவிட்டுத் தப்புச் செய்பவனுக்குத் தைரியம் அதிகம். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

எண்பதுகளின் கடைசி. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டில் வேலைக்குக் காத்திருந்தேன். மழை பெய்தால் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். முற்றத்தில் பள்ளம் வெட்டி, சரளையும் மணலும் போட்டு, மேலே கல்வாழை நட்டால் அத்தனையும் நிலத்துக்குள் இறங்கிவிடும் என்பது என் திட்டம். சித்திரை வெயிலில் பள்ளத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கடிகாரத்தைப் பார்த்தேன். மூக்கைச் சொறிவதற்குள் உறிஞ்சிவிட்டது. அதை வைத்து, தெருத் தண்ணீர் முழுவதும் அரை மணியில் இறங்கும் என்று கிராஃப் தாளில் கணக்குப் போட்டேன். (விடைக்கு அடிக்கோடு, சிவப்பு மையில்.) காம்பவுண்டுச் சுவரின் அடியில் ஓட்டை போட்டுத் தெருத் தண்ணீரை உள்ளே அழைத்ததும் நானே.

"வீட்டுக்குள்ள வந்திராதுல்லாலே?" என்றார் அப்பா.

"கணக்குப் போட்டாச்சுப்பா."

ஐப்பசியில் தங்கை செல்வியைப் பெண் பார்க்க ராஜபாளையத்திலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்ததால் அம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஒரு வாரமாக மழை வேறு. அவர்கள் உட்கார்ந்ததும் மறுபடி கொட்டத் தொடங்கியது.

"பாருங்க, ஒரு சொட்டு நிக்காது" என்று மாப்பிள்ளைக்கு ஜன்னல் வழியே பள்ளத்தைக் காட்டினேன்.

செத்த நேரத்தில் கல்வாழை மூழ்கியது. தண்ணீர் வாசல் தாண்டி, மாப்பிள்ளையின் செருப்பையும் கூட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தது. அவர் அம்மா நாற்காலிமேல் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"ஏலே, காஞ்ச மண்ணு குடிக்கத்தாம்லே செய்யும். மழைக்குப் பொறவு ஒருக்கா ஊத்திப் பாத்தியா?" என்றார் அப்பா. அந்தத் தண்ணீரோடே போய்விடலாம் போலிருந்தது எனக்கு.

செல்வி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காபித் தட்டோடு நடுக்கூடத்தில் நின்றாள். மாப்பிள்ளை பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கித் தட்டை வாங்கினார்.

"சாக்கு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அவரும் செல்வியுமாகப் போய்ச் சுவர் ஓட்டையை அடைத்தார்கள். (நான் விளக்குமாற்றோடு நின்றேன்.) புறப்படும்போது அவர் அம்மா சொன்னார்: "பொண்ணு பதறாம நிக்கா. எங்களுக்குச் சம்மதம்."

சில வருஷம் கழித்து அவர்கள் ராஜபாளையத்தில் வீடு கட்டினார்கள். பிளான் போட்டுக் கொடுத்தவன் நான். மாப்பிள்ளை அதை அப்படியே கொத்தனாரிடம் நீட்டி, "மச்சான் படிச்ச படிப்புக்கு வாசல்ல ரெண்டு படி கூடப் போட்டுருங்க" என்றார்.

செல்வியின் பிள்ளைகளுக்கு இன்றும் அந்த இரண்டும் 'மாமா படி'தான்.