நாலு அங்குல நதி

கண்ணுக்குத் தெரியாத அந்த நதி காலை ஆறு மணிக்கு வந்து ஆறு இருபதுக்குப் போய்விடும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம் என்பதால் இரண்டு தடவை வருமாம். நதிக்கு ஏதய்யா ஆபீஸ் நேரம் என்று பால்குடி மறக்காத பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. பெட்டியைக் கட்டினேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சிரிக்க வசதியாக இருக்கும். இருபத்தேழு வருடமாக நான் பிளம்பர். குழாய் எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால், மேல்தொட்டியில் சொட்டு நீலத்தைக் கலந்துவிட்டு, நீலம் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று கண்டுபிடிப்பேன். அந்த நீலம்கூட என் மனைவியிடம் வாங்குவதுதான். அவள் சலவைக்கடை வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வெள்ளைத்துணியெல்லாம் அவள் கையால்தான் வெளுக்கிறது.

எனக்குச் சர்க்கரை வியாதி. இடதுகால் மரத்துப்போய் மூன்று வருடம். அதன் பெருவிரலில் ஒரு புண், ஆறுவேனா என்றது.

"வியாழக்கிழமை வந்துடுங்க. நுனியை மட்டும் எடுத்துட்டா காலைக் காப்பாத்திடலாம். தள்ளிப்போட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்றார் டாக்டர்.

கத்தி என்றதும் எனக்குப் பக்தி வந்துவிட்டது.

இரண்டு நதிகள் கூடும் இடம் அது. அந்த இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற சாதாரண நதிகள், ஆகவே அவற்றை யாரும் சீண்டவில்லை. மூன்றாவது நதி பூமிக்கு அடியில் ஓடுகிறதாம். கரையில் மடம் கட்டியிருந்த சங்கமச் சாமி மணி அடித்துக் கூப்பிட்டால் மட்டும் மேலே வருமாம். வெள்ளை உடுத்தி, முழங்கால் ஆழத்தில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். கண்ணைத் திறந்தால் நதி கோபித்துக்கொண்டு போய்விடும்.

முதல் நாள் நானூறு பேர் நின்றோம். நோயாளிகளுக்கு முன்வரிசை. தண்ணீர் பனிக்கட்டி. பல் தந்தியடித்தது. சாமி மணியை ஆட்டினார். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினேன். முப்பது வருவதற்குள் என் காலைச் சுற்றி வெதுவெதுவென்று ஏதோ தழுவியது. கூடவே சந்தன மணம்!

எனக்குப் புல்லரித்தது. செத்துப்போன அம்மா நினைவுக்கு வந்தாள். நான் யாருக்கெல்லாம் துரோகம் செய்தேனோ அவர்கள் எல்லாரும் வந்தார்கள். குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதேன். மரத்த காலில் உயிர் வந்துவிட்டது என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியார். "பூமிக்கு உள்ள கந்தகம் இருக்கு சார், அந்தச் சூடு. இதுல மூடநம்பிக்கையே கிடையாது" என்று அவரும் அழுதார். விஞ்ஞானமே அழும்போது பிளம்பர் எம்மாத்திரம்?

கரையேறியதும் மனைவியைக் கேட்டேன். "உனக்கு எப்படி இருந்துச்சு?"

"யாரோ குளிச்சு ஊத்துன தண்ணி மாதிரி இருந்துச்சு."

"சீ, வாயைக் கழுவு!"

"அந்தத் தண்ணியிலயா?" என்றாள்.

சாமி என் காலைத் தொடாமல் பார்த்தார். "நதி தொட்ட காலைக் கத்தி தொடக் கூடாது. இருபத்தோரு நாள் முங்கு. மாத்திரையை ஆத்துல விடு" என்றார். நாலு அட்டை மாத்திரையைக் கூட்டத்துக்கு முன்னால் தூக்கிப் போட்டேன். கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே கைதட்டல் அது.

வியாழக்கிழமை வந்தது, போனது. சனிக்கிழமை விரல் கருத்துவிட்டது. நாற்றம் வேறு. வாத்தியார் நாலு அடி தள்ளி நின்று, "பாவம் வெளிய வருது சார்" என்று விஞ்ஞானபூர்வமாக விளக்கினார்.

"ஏங்க, இன்னைக்கே கிளம்பலாங்க. கால் போயிடும்" என்று மனைவி அழுதாள். என்மேல் கோபம் வந்தால் அவள் திட்டுவாள், அழமாட்டாள். அன்றைக்கு அழுதாள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

"உனக்கு நம்பிக்கை பத்தாது" என்றேன். எவ்வளவு பெரிய ஞானி பாருங்கள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க ஸ்பானர் எங்க இருக்கு?" என்றாள்.

புனித யாத்திரைக்கும் ஸ்பானர் கொண்டுபோகிறவன் நான். "பெட்டியில. எதுக்கு?" என்றேன். அவள் பெட்டியைத் திறந்தாள்.

மறுநாள் ஞாயிறு. எண்ணூறு பேர். மணி அடித்தது. வெதுவெதுப்பு வந்தது, சந்தனம் மணத்தது. நான் அழுகைக்குத் தயாரானபோது யாரோ விதியை மீறிக் கண்ணைத் திறந்து அலறினார்கள். நானும் திறந்தேன்.

தண்ணீர் நீலமாக இருந்தது. என் வேட்டி நீலம். வாத்தியார் முழங்கால்வரை நீலம்.

சாமி ஒரு நொடி திகைத்தார். ஒரே நொடிதான். பிறகு இரு கையையும் தூக்கி, "நீலவண்ணன் வந்துட்டான்! இனி இது நீல நதி!" என்று முழங்கினார். எண்ணூறு பேர் கதறினார்கள். உண்மையை மறைத்தால் என்ன மரியாதை? எல்லாரையும்விட உரக்கக் கதறியவன் நான்தான்.

மடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சீடர் வேடிக்கை பார்க்க ஓடிவந்தார். அவருக்குக் கொஞ்சம் பின்னால், அவசரமே இல்லாமல், என் மனைவி வந்தாள்.

"சாமி, கால் நனையாதவங்க பின்னால நிறைய பேர் நிக்கிறாங்க. நதியை இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றாள்.

கூட்டமும் சேர்ந்துகொண்டது. சாமி மணி அடித்தார். நதி வரவில்லை. மறுபடி அடித்தார். சீடரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். சீடர் மடத்துப் பக்கம் ஓடினார். மணி அடித்து அடித்துச் சாமிக்குக் கை வலித்ததுதான் மிச்சம். ஓடிய சீடர் வெறுங்கையோடு திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "சாமி, திருகு வீலைக் காணோம்!" என்றார்.

மனைவி முந்தானைக்குள்ளிருந்து அதை எடுத்து உயர்த்திக் காட்டினாள். சிவப்பு இரும்பு வீல். நாலு அங்குல வால்வின் வீல். தூக்கத்தில் கையில் கொடுத்தாலும் எனக்குத் தெரியும்.

"பின்னால ஒரு தொட்டி இருக்கு. மடத்துல தங்குறவங்க விடிகாலையில சந்தன சோப்புப் போட்டு வெந்நீர்ல குளிக்கிற தண்ணியெல்லாம் அதுலதான் சேருது. இங்க மணி அடிச்சா அங்க வால்வைத் திறக்கிறாங்க. இன்னைக்கு அந்தத் தொட்டியில, எங்க வெள்ளைத்துணிக்குக் கொண்டாந்த ஒரு பாட்டில் நீலத்தை ஊத்துனவ நான். இவர் வேடிக்கை பார்க்க இந்தப் பக்கம் ஓடியாந்ததும், வால்வை மூடிட்டு வீலைக் கழட்டிட்டேன். நீலவண்ணனாம்!"

யாரும் நம்பவில்லை. "அபச்சாரம்!" என்று ஒரு குரல் வந்தது. அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நீங்க பிளம்பர்தானே? கீழ பாருங்க."

குனிந்தேன். நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, இரண்டு கல்லுக்கு நடுவே மணலைத் தோண்டினேன். குழாய் வாய் கையில் பட்டது. உள்ளே விரலைவிட்டு எடுத்தேன். சோப்பு நுரையும் யாரோ ஒருவருடைய தலைமுடியும் வந்தன. எத்தனையோ வீடுகளில் கழிவுக்குழாயைக் கையால் தொட்டவன், ஆறு நாளாக அதற்கு முன்னால் நின்று அம்மாவை நினைத்து அழுதிருக்கிறேன். என் அழுகை உண்மைதான். அதை வரவழைத்ததுதான் அடுத்தவன் அழுக்கு.

"குழாய்தான்!" என்று கத்தினேன். அந்தச் சத்தம் என் தொண்டையிலிருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகம். நாலைந்து பேர் வந்து கைவிட்டுப் பார்த்தார்கள். பிறகு நாற்பது பேர் மடத்தின் பின்பக்கம் போனார்கள். சாமி அதற்குள் தமக்குத் தெரிந்த கடைசி அற்புதத்தையும் செய்து காட்டிவிட்டார். கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தார்.

அன்று மாலையே ஆஸ்பத்திரி. என் நீலக் காலைப் பார்த்த டாக்டர் பதறிப்போனார்.

"அது சொட்டு நீலம் டாக்டர், துவைச்சா போயிடும். பக்கத்துல இருக்கிற கருப்பைப் பாருங்க" என்றாள் மனைவி.

டாக்டர் ஊசியால் இடது பாதத்தைக் குத்தினார். "தெரியுதா?"

"இல்ல."

"வலது கால்ல?"

"ஐயோ!"

"அப்ப ஆத்துல சூடு எந்தக் கால்ல தெரிஞ்சுது?"

நான் சுவரைப் பார்த்தேன். வலது காலில் பட்ட வெந்நீரை இடது காலின் கணக்கில் சேர்த்து அழுதிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

நுனியோடு முடிய வேண்டியது இரண்டு விரலோடு முடிந்தது. பாதம் தப்பியது. அது நதியின் கருணை இல்லை, சலவைக்காரியின் கைங்கரியம்.

போன வாரம் வாத்தியார் போன் செய்தார். "வேற ஒரு இடம் சார். அங்க ஆறு கீழேயிருந்து மேல ஓடுதாம். இது நூத்துக்கு நூறு உண்மை. வர்றீங்களா?"

"மோட்டார் எத்தனை ஹெச்.பி.ன்னு கேட்டுச் சொல்லுங்க சார்" என்றேன். வைத்துவிட்டார்.

நீங்கள் ஆற்றில் முங்குவதை நான் தடுக்கவில்லை. முங்குங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் கண்ணை மூடச் சொல்கிற இடத்தில் ஒரு கண்ணையாவது திறந்து வையுங்கள். அதுவும் கஷ்டம் என்றால், நான் நடக்கும்போது பின்னாலேயே கொஞ்ச தூரம் வாருங்கள். இரண்டையும் மூடியவன் எப்படி நொண்டுகிறான் என்று தெரியும்.